கொசுக் காய்ச்சல்களும் அவற்றின் பெயர்களும்



சிவில் பிரிவில் இரண்டாம் ஆண்டு படிப்பவன் காய்ச்சலைப் பற்றி எழுத வந்துவிட்டானே, மலருக்குக் கட்டுரைப் பஞ்சமா என்று உங்களில் சிலர் சிரிக்கலாம். மருத்துவம் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. நான் எழுத வந்தது சொற்களைப் பற்றி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டி வெளியே படிக்க வந்தவன் நான் ஒருவன்தான். அதனால் ஆம்பூரில் எங்கள் தெருவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் லேப் சீட்டு சுற்றிச் சுற்றி என் கைக்கு வந்து சேரும். "தம்பி, இதுல இன்னா போட்டுகீது, பாத்து சொல்லு" என்பார்கள். பாலிடெக்னிக் போகிற பையனுக்கு இங்கிலீஷில் உள்ள அத்தனையும் தெரியும் என்பது அவர்கள் நம்பிக்கை. நமக்குத் தெரிந்ததோ கான்கிரீட் கலவை விகிதம். த்ராம்போசைட்டோபீனியா என்று போட்டிருந்தால் யாரைப் போய்க் கேட்பது? பார்த்த சொற்களை எல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி, அர்த்தம் தேடிப் பக்கத்தில் குறித்து வைக்கத் தொடங்கினேன். அந்த நோட்டுதான் இந்தக் கட்டுரை.

தேடத் தேட ஒரு விஷயம் எனக்கு விளங்கியது. காய்ச்சலுக்கு நாம் என்ன பெயர் சொல்கிறோமோ, அதை வைத்துத்தான் அடுத்த காரியம் நடக்கிறது. "சாதா காய்ச்சல்" என்றால் கடையில் மாத்திரை. "டெங்கு" என்றால் பயம். "விட்டுடுச்சி" என்றால் மறுநாள் வேலைக்குக் கிளம்புவது. இந்தப் பெயர்களைப் பிரித்துக் காட்டிய வேலையில் பெரும் பங்கு வேறெங்கோ அல்ல, நம் வேலூரிலேயே நடந்திருக்கிறது. அது நம்மில் பலருக்கும் தெரியாது.

விஷமும் வைரஸும்

எங்கள் ஆயா கடுமையான காய்ச்சல் எதுவானாலும் "விஷக் காய்ச்சல்" என்பார். டாக்டர் "வைரல் ஃபீவர்" என்பார். பத்திரிகையில் "மர்மக் காய்ச்சல்" என்று வரும். இந்த மூன்றில் ஆயா சொன்னது பழங்காலப் பேச்சு என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் லத்தீன் மொழியில் வைரஸ் என்ற சொல்லுக்கே விஷம் என்றுதான் பொருள்! அந்தச் சொல்லும் வடமொழியின் விஷம் என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று மொழி ஆராய்ச்சியாளர்கள் கூறுகிறார்கள். ஆகவே ஆயாவும் டாக்டரும் ஒன்றையேதான் சொல்கிறார்கள். எனக்குப் பிடிக்காதது அந்த "மர்மக் காய்ச்சல்"தான். அதில் தகவலே கிடையாது, பயம் மட்டும்தான் இருக்கிறது.

கொசு முதலிய பூச்சிகள் மூலம் பரவும் வைரஸ்களுக்கு ஆர்போவைரஸ் என்று பொதுப்பெயர். கணுக்காலிகளால் சுமக்கப்படும் வைரஸ் என்பதன் சுருக்கம் அது. இது ஒரு குடும்பப் பெயர் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே பஸ்ஸில் வருபவர்கள் எல்லாம் ஒரே ஊர்க்காரர்கள் ஆகிவிட முடியாதல்லவா? டெங்கு, ஜப்பானிய மூளைக்காய்ச்சல், ஜிகா, மஞ்சள் காய்ச்சல் ஆகியவை ஃப்ளேவிவைரஸ் என்ற குடும்பம். ஃப்ளேவஸ் என்றால் லத்தீனில் மஞ்சள். மஞ்சள் காய்ச்சலை வைத்தே மொத்தக் குடும்பத்துக்கும் பெயர் வந்தது. சிக்குன்குனியா வேறு வகை, ஆல்ஃபாவைரஸ். டெங்கும் சிக்குன்குனியாவும் ஏடிஸ் ஈஜிப்டை என்ற அதே கொசுவில்தான் வருகின்றன. அடையாளத்தில் ஒன்றுபோல் தோன்றினாலும் உறவில் அந்நியர்கள்.

மலேரியா இந்தப் பட்டியலில் சேராது. அது வைரஸ் அல்ல, ஒட்டுண்ணி. இத்தாலிய மொழியில் மலேரியா என்றால் கெட்ட காற்று. காற்றால் வருவதல்ல, கொசுவால் வருவது என்பதற்கான சான்றை 1897ல் செகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டார். காரணம் மாறியும் பெயர் மாறவில்லை. நம் முன்னோர் அதை முறைக்காய்ச்சல் என்றார்கள். முறை வைத்து வந்து போகும் காய்ச்சல் என்பது கண்ணால் பார்த்துச் சொன்ன பெயர். கெட்ட காற்றைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து.

வேலூர், 1955

அப்போது இது சென்னை மாகாணத்தின் வட ஆர்க்காடு மாவட்டம். 1955ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளிடம்தான் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக நோயாக அடையாளம் காணப்பட்டது. காய்ச்சல், வலிப்பு, நினைவிழத்தல் என்று வந்த நோய்க்கு இங்கே இரத்தப் பரிசோதனை மூலம் பெயர் கிடைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் இப்பகுதியின் கியூலெக்ஸ் வகைக் கொசுக்களிலிருந்தும், இறந்தவரின் மூளைத் திசுவிலிருந்தும் வைரஸையே பிரித்தெடுத்தார்கள்.

அப்படியானால் ஜப்பான் எங்கே வந்தது? 1924ல் ஜப்பானில் பெரிய அளவில் இந்நோய் பரவியது. 1935ல் அங்கேதான் வைரஸ் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. பழைய கட்டுரைகளில் "ஜப்பானிய பி மூளைக்காய்ச்சல்" என்று இருக்கும். தூக்க நோய் போல வந்த வேறொரு மூளைக்காய்ச்சலை ஏ என்று வைத்து, இதை பி என்றார்கள். பின்னால் பி கழன்று விழுந்துவிட்டது. நல்லவேளை, 1955ல் யாரும் இதற்கு "வேலூர் காய்ச்சல்" என்று பெயர் வைக்கவில்லை. வைத்திருந்தால் நமக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள்! புதிய நோய்களுக்கு ஊர்ப் பெயரோ ஆள் பெயரோ வைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015ல் அறிவுரை வெளியிட்டது. அதற்குள் உகாண்டாவின் ஜிகா காடும், மேற்கு நைல் மாவட்டமும் நோய்ப் பெயர்களாகிவிட்டன. ஜிகா காட்டில் 1947ல் ஒரு குரங்கின் இரத்தத்தில் கண்ட வைரஸ் அது. எழுபது ஆண்டு கழித்து, 2017ல், நமக்குப் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில் தமிழ்நாட்டின் முதல் ஜிகா நோயாளி கண்டறியப்பட்டார்.

மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு மனிதன் உண்மையில் வேண்டாத விருந்தாளி. அது நெல்வயல் தண்ணீரில் பெருகும் கொசுவுக்கும், கொக்கு நாரைகளுக்கும், பன்றிகளுக்கும் இடையே சுற்றி வருவது. பன்றியின் இரத்தத்தில் வைரஸ் ஏராளமாகப் பெருகும். இரத்தத்தில் வைரஸ் இருக்கும் நிலைக்கு வைரீமியா என்று பெயர். மனிதனுக்கு வரும் வைரீமியா மிகக் குறைவு, நம்மைக் கடித்த கொசு அதை அடுத்தவருக்குக் கொண்டுபோக முடியாது. அதனால் மனிதனை "முட்டுச்சந்து" விருந்தோம்பி என்கிறார்கள். ஆனால் முட்டுச்சந்தில் மாட்டியவன் பாடு கஷ்டம். தொற்றிய நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகத்தான் மூளை பாதிக்கப்படுகிறது. அப்படிப் பாதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு இருபது முப்பது பேர் இறந்துவிடுகிறார்கள். பிழைத்தவர்களிலும் நூற்றுக்கு முப்பது முதல் ஐம்பது பேருக்குக் கை கால், பேச்சு, புத்தி என்று ஏதாவது ஒன்றில் நிரந்தரக் குறை தங்கிவிடுகிறது. 2005ல் கோரக்பூர் பக்கம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள், பெரும்பாலும் குழந்தைகள், போன பிறகு 2006 முதல் நோய் அதிகமுள்ள மாவட்டங்களில் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். இந்த நான்கைந்து காய்ச்சல்களில் நம் நாட்டில் குழந்தைகளுக்கு அரசுத் தடுப்பூசி உள்ளது இதற்கு மட்டுமே.

பட்டா மாறிய பெயர்

இனி நான் மிகவும் ரசித்த பகுதிக்கு வருகிறேன். 1964ல் சென்னையிலும் வேலூரிலும் ஒரு காய்ச்சல் பரவியது. காய்ச்சல், தடிப்பு, மூட்டு வலி. பார்த்தவர்கள் "டெங்கு போன்ற காய்ச்சல்" என்றார்கள். வேலூரில் வைரஸ் ஆராய்ச்சியில் இருந்த ரூத் மயர்ஸ், டொனால்ட் கேரி, ரேச்சல் ரூபன் ஆகியோர் நோயாளிகளின் இரத்தத்தையும் பிடித்த கொசுக்களையும் ஆராய்ந்தபோது கிடைத்தது டெங்கு அல்ல, சிக்குன்குனியா! அதே 1964ல், அதே குழுவினர் இப்பகுதியில் பிடித்த கொசுக்களில் டெங்கு வைரஸின் 1ஆம், 4ஆம் வகைகளைக் கண்டதாகவும் அறிவித்தார்கள். இரண்டு நோயும் ஒரே ஊரில், ஒரே கொசு இனத்தில். எந்த நோயாளிக்கு எது என்று கண்ணால் பார்த்துச் சொல்வது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த அனுபவம் கேரியை விடவில்லை போலிருக்கிறது. அவர் பழைய ஏடுகளைத் தேடிப் போய், 1971ல் ஒரு மருத்துவ வரலாற்றுக் கட்டுரை எழுதினார். டெங்கும் சிக்குன்குனியாவும் ஆள் மாறாட்டம் ஆகிவிட்டனவா என்பதே அதன் கேள்வி. 1823ல் சான்சிபார் தீவில் ஒரு காய்ச்சல் வந்தது. அங்குள்ள சுவாஹிலி மக்கள் அதை "டிங்கா பெப்போ" என்று சொன்னார்கள். பேய் பிடித்தது போலத் திடீரென்று இழுத்துக்கொள்ளும் நோய் என்பது கருத்து. 1824ல் கல்கத்தாவிலும் ரங்கூனிலும் இதே போன்ற காய்ச்சல். 1827ல் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனது. கியூபாவின் ஸ்பானியர் வாயில் அந்தச் சொல் "டெங்கே" ஆயிற்று. ஸ்பானிய மொழியில் டெங்கே என்றால் பாசாங்கு, பகட்டு நடை. மூட்டு வலியில் விறைப்பாக நடந்தவர்களைப் பார்த்து இங்கிலீஷ்காரர்கள் "டாண்டி ஃபீவர்", மைனர் காய்ச்சல், என்றே கேலி செய்தார்களாம். ஆனால் அந்த நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளில் மூட்டு வலிதான் பெரிதாகத் தெரிகிறது. காய்ச்சல் போன பின்னும் மாதக்கணக்கில் வலி. அது சிக்குன்குனியாவின் குணம். ஆகவே டெங்கு என்ற பெயர் முதலில் சிக்குன்குனியாவுக்கு வைக்கப்பட்டதாகத்தான் இருக்க வேண்டும் என்பது கேரியின் வாதம்.

சர்வே பாடத்தில் நாம் படிப்போமே, நிலம் ஒருவரிடம் இருக்க, பட்டா இன்னொருவர் பெயரில் போயிருக்கும். அது போலத்தான். டெங்கு என்ற பட்டா எலும்பு முறிக்கும் காய்ச்சலுக்குப் போய்விட்டது. மூட்டை முடக்கும் காய்ச்சல் பெயரில்லாமல் நின்றது. 1952ல் தாங்கனீகாவில், இன்றைய தான்சானியாவில், நெவாலா என்ற பகுதியில் அது பரவியபோது அங்குள்ள மகோண்டே மக்களின் மொழியிலிருந்து ஒரு புதுப் பெயர் எடுத்தார்கள். சிக்குன்குனியா என்றால் அம்மொழியில் வளைந்து போகச் செய்வது என்று பொருள்.

நம் ஊரில் இந்தப் பெயர் பட்ட பாடு தனிக்கதை. 1973க்குப் பிறகு இந்தியாவில் பெரிதாகக் காணப்படாமல் இருந்த சிக்குன்குனியா 2005ன் கடைசியில் திரும்பி வந்தது. 2006ல் மட்டும் நாட்டில் 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்நோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டது. அப்போது நான் பிறக்கவில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும். பெயரைக் கேட்டவர்கள் "சிக்கன் குனியா" என்றார்கள். சிக்கன் என்று இருப்பதால் கோழிக்கறியால் வருகிறது என்று முடிவு கட்டி, கோழிக் கடைப் பக்கமே போகாதவர்கள் உண்டாம். பாவம் கோழி, கொசுவின் பழி அதன் தலையில்! மறுபுறம், "குனிய வெச்சிடும், அதான் குனியா" என்று சொன்னவர்களும் இருந்தார்கள். மகோண்டே மொழியில் வளைவது, தமிழில் குனிவது. தற்செயலான ஒற்றுமைதான், ஆனால் அர்த்தம் சரியாகப் பொருந்திவிட்டது. எங்கள் பக்கத்து வீட்டு உருது பேசும் பாய் வீட்டில் டெங்குவை "ஹட்டி தோட் புகார்" என்பார்கள், எலும்பை உடைக்கும் காய்ச்சல். உகாண்டாவில் 1959ல் பரவிய, சிக்குன்குனியாவின் பங்காளியான ஒரு நோய்க்கு ஒன்யோங்யோங் என்று பெயர். அங்குள்ள மொழியில் அதுவும் மூட்டைத் தளர்த்துவது என்ற பொருளுடையதே. மக்கள் எங்கேயும் தங்கள் உடம்பு சொன்னதைத்தான் பெயராக வைத்திருக்கிறார்கள். புரியாமல் இருப்பது சீட்டில் எழுதும் பெயர்கள்தான்.

சீட்டைப் பிரித்துப் படிப்பது

அந்தப் பெயர்களும் நாம் நினைக்கிற அளவு பூதம் அல்ல. நாம் படிக்கிற ஹைட்ராலிக்ஸ் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். கிரேக்கத்தில் ஹைடோர் என்றால் நீர், ஆவ்லோஸ் என்றால் குழாய். இரண்டையும் இணைத்தால் பாடத்தின் பெயர். மருத்துவச் சொற்களும் இதே போலக் கழற்றி மாட்டும் பாகங்கள்தான். ஆர்த்ரோ என்றால் மூட்டு, ஆல்ஜியா என்றால் வலி, ஆர்த்ரால்ஜியா மூட்டு வலி. மையோ என்றால் தசை, மையால்ஜியா உடம்பு வலி. ஐட்டிஸ் என்று முடிந்தால் அழற்சி, அதாவது அந்த உறுப்பு வீங்கிச் சூடாகியிருக்கிறது. கிரேக்கத்தில் மூளைக்குப் பெயரே "தலைக்குள் இருப்பது" என்பதுதான், என்கெஃபலோஸ். அதோடு ஐட்டிஸ் சேர்ந்தால் என்செஃபலைட்டிஸ், மூளை அழற்சி. பீனியா என்றால் குறைவு, பஞ்சம். லூக்கோபீனியா வெள்ளை அணுக் குறைவு. த்ராம்போ என்றால் உறைவது, சைட்டோ என்றால் செல். ஆக, என்னைப் பயமுறுத்திய த்ராம்போசைட்டோபீனியாவுக்கு இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைந்துவிட்டன என்பதற்கு மேல் ஒரு அர்த்தமும் இல்லை. அதுவும் நோயின் பெயர் அல்ல, ஒரு அளவுதான். தட்டணுக்கள் சாதாரணமாக ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்கும்.

டெங்கு பரிசோதனையில் மூன்று வரி இருக்கும். என்.எஸ். 1 என்பது வைரஸ் தயாரிக்கும் ஒரு புரதம், காய்ச்சல் தொடங்கிய முதல் நாலைந்து நாளுக்குள் பார்த்தால் கிடைக்கும். ஐ.ஜி.எம். என்பது நம் உடம்பு புதிதாகத் தயாரித்த எதிர்ப்புப் பொருள், நாலைந்து நாளுக்குப் பிறகே தலைகாட்டும். ஐ.ஜி.ஜி. பழைய கணக்கு, எப்போதோ வந்து போன டெங்குவுக்கும் ஆயுள் முழுவதும் இருக்கலாம். எங்கள் தெருவில் ஒரு பெரியவருக்கு ஐ.ஜி.ஜி. மட்டும் பாசிட்டிவ் என்று வந்த சீட்டைக் காட்டி "டெங்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எங்கே என்று எழுத மாட்டேன். வீடே அழுதது. வட்டிக்கு வாங்கித் தனியாரிடம் சேர்த்தார்கள். கடைசியில் டைஃபாய்டு. சீட்டின் அடியில் தமிழில் ஒரே ஒரு வரி, "இது பழைய தொற்றாகவும் இருக்கலாம்" என்று அச்சடித்தால் பேப்பர் செலவு எவ்வளவு ஆகிவிடும்?

காய்ச்சல் விட்டது

நோட்டில் நான் சிவப்பு மையில் எழுதிய சொல் ஒன்று உண்டு. டிஃபர்வெசன்ஸ். ஃபெர்வேரே என்றால் லத்தீனில் கொதிப்பது. கொதிப்பு அடங்குவது டிஃபர்வெசன்ஸ். நம் பேச்சில் "காய்ச்சல் விட்டுடுச்சி." சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் இரண்டும் சொல்வது நேர் எதிர். நமக்கு "விட்டுடுச்சி" என்றால் நோய் தீர்ந்தது. டெங்குவைப் பற்றிய மருத்துவப் புத்தகத்தில் டிஃபர்வெசன்ஸ் என்றால் ஆபத்துக் கட்டம் தொடங்கும் நேரம். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும்போதுதான் சிலருக்கு இரத்தக் குழாய்களின் சுவர் கசியத் தொடங்குகிறது. அந்த ஒன்றிரண்டு நாள்தான் கண்டம்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறார். நாலு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் காலை உடம்பு ஜில்லென்று ஆகிவிட்டது. டிபன் பாக்ஸ் கட்டிவிட்டார். "விட்டுடுச்சி தம்பி, இன்னிக்கும் லீவு போட்டா அட்டெண்டன்ஸ் போனஸ் பூடும்" என்றார். நமக்குத் தெரியாத கணக்கா? எங்கள் அம்மாவும் அதே வேலைதான், அப்பா டேனரி. ஒரு நாள் என்பது அரிசிக் கணக்கு. ஆனால் அவருக்கு வயிற்றில் இன்னதென்று சொல்ல முடியாத வலி. வாசலில் இரண்டு முறை வாந்தி எடுத்தார். இரண்டு நாள் முந்தைய சீட்டில் தட்டணுக்கள் 1,30,000, பி.சி.வி. என்ற வரியில் 38. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் மறுபடி இரத்தம் எடுத்தபோது தட்டணுக்கள் 48,000, பி.சி.வி. 46. எல்லோரும் 48,000ஐப் பார்த்து அலறினார்கள். அங்கிருந்த நர்ஸ் அம்மா விரலை 46ல் வைத்தார். "இதப் பாருங்க மொதல்ல" என்றார்.

பி.சி.வி., அதாவது ஹீமட்டோக்ரிட், இரத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு அணுக்கள் என்ற அளவு. அணு கூடவில்லை, ஆனாலும் அளவு கூடுகிறது என்றால் நீர்ப்பகுதி குழாயை விட்டுக் கசிந்து வெளியே போகிறது என்று அர்த்தம். சென்ட்ரிங் பலகை இடுக்கில் பால் ஒழுகிப் போனால் கலவை எப்படிக் கெட்டியாகிறதோ, அப்படி. பழைய அளவில் ஐந்தில் ஒரு பங்கு ஏறினால் கசிவு கணிசமானது என்று கணக்கு. 38க்கு 46 அதைத் தாண்டிவிட்டது. கசிந்து கொண்டே போனால் இரத்த அழுத்தம் விழும். அதுதான் டெங்கு ஷாக். மூன்று நாள் அளவு பார்த்துப் பார்த்துச் சலைன் ஏற்றினார்கள். அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார். போனஸ் போயிற்று.

முன்பெல்லாம் டெங்கு காய்ச்சல், டெங்கு ரத்தக்கசிவுக் காய்ச்சல், டெங்கு ஷாக் என்று மூன்று பெயர் இருந்தது. ரத்தம் வெளியே வந்தால்தான் ஆபத்து என்ற எண்ணத்தை அந்தப் பெயர் உண்டாக்கிவிட்டது. அந்த அக்காவுக்கு ஒரு சொட்டு ரத்தம்கூட வெளியே வரவில்லையே! 2009ல் உலக சுகாதார நிறுவனம் வகைப்பாட்டை மாற்றி, எச்சரிக்கை அறிகுறி இல்லாத டெங்கு, அறிகுறி உள்ள டெங்கு, கடும் டெங்கு என்று வைத்தது. விடாத வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அசதியோ தவிப்போ, தட்டணு வேகமாக இறங்கும்போது பி.சி.வி. ஏறுவது ஆகியவை அந்த எச்சரிக்கைகளில் சேரும். இதில் முதல் நான்கையும் பார்க்க லேப் தேவையில்லை.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லாமல் போகக் கூடாது. "ஒரு ஊசி போட்டா நாளைக்கு வேலைக்குப் போய்டலாம்" என்று நம்மவர்கள் கேட்டு வாங்குவார்கள். டெங்குவாக இருக்கக்கூடிய காய்ச்சலில் ஆஸ்பிரின், புரூஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மருந்துகள் ரத்தக்கசிவைக் கூட்டும். பாரசிட்டமால்தான் ஏற்றது, அதுவும் அளவோடு. சிக்குன்குனியா மூட்டு வலியில் அந்த வலி மருந்துகளைப் பின்னால் டாக்டர்கள் தருவதுண்டு. டெங்கு இல்லை என்று தெரிந்த பிறகுதான். 1964ல் வேலூர்க்காரர்கள் இரண்டையும் பிரித்துப் பார்த்த வேலை ஏதோ புத்தக விஷயம் அல்ல என்பது இங்கேதான் தெரிகிறது.

டெங்குவில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு மட்டும் ஆயுள் பாதுகாப்பு. வேறு வகை இரண்டாவதாக வரும்போது, பழைய எதிர்ப்புப் பொருளே வைரஸ் செல்லுக்குள் நுழையக் கதவைத் திறந்துவிடுவதால் நோய் கடுமையாக வாய்ப்பு அதிகம். 1968ல் வேலூரில் டெங்கு பரவியபோது நான்கு வகையும் இங்கேயே கிடைத்ததாக மயர்ஸ் குழுவினர் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே "எனக்குத்தான் ஏற்கெனவே வந்துடுச்சே" என்ற தைரியம் நம் ஊரில் செல்லாது. தமிழ்நாட்டில் 2017ல் மட்டும் 23,000க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு உறுதியானது, 65 பேர் இறந்தார்கள். உலகக் கணக்கில் 2024 தான் இதுவரை இல்லாத உச்சம், ஒரு கோடியே நாற்பது லட்சத்தைத் தாண்டியது.

ட்ரம்மும் கொசுவும்

கடைசியில் சிவிலுக்கு வந்துவிட்டேன். ஏடிஸ் என்ற சொல்லுக்குக் கிரேக்கத்தில் பிடிக்காதது, வெறுக்கத்தக்கது என்று பொருள். இது சாக்கடைக் கொசு அல்ல. வீட்டுக்குள், நல்ல தண்ணீரில் வளர்வது. கடிப்பதும் பகலில். நம் தோல் பட்டறைப் பகுதியில் இதற்குக் குறைவே இல்லை. டேனரிக் கழிவால் பாலாறும் கிணறுகளும் கெட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996ல் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வந்தாலும் நிலத்தடி நீர் உடனே இனித்துவிடுமா? குழாய்த் தண்ணீர் எங்கள் தெருவுக்குத் தினமும் வருவதில்லை. வருகிற நாளில் பிடித்து வைத்தால்தான் உண்டு. அதனால் வாசலுக்கு வாசல் நீல ட்ரம், சிமென்ட் தொட்டி. "தண்ணீரைத் தேக்காதீர்கள்" என்று சுவரில் எழுதிவிட்டுப் போகிறார்கள். தேக்காமல் எதைக் குடிப்பது? தேக்கினால் மூடு, தேய் என்பதுதான் எங்களுக்குச் சரிப்படும் பேச்சு.

மூடி என்றால் பலகை ஒன்றைச் சாய்த்து வைப்பது மூடி ஆகாது. விரலளவு சந்து கொசுவுக்கு ராஜபாட்டை. பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து, விளிம்பில் சைக்கிள் ட்யூப் ரப்பரால் இறுக்கிக் கட்டினால் போதும். எங்கள் வீட்டு ட்ரம்மில் அப்படித்தான் இருக்கிறது. மேல்நிலைத் தொட்டியின் ஓவர்ஃப்ளோ குழாய் வாயிலும் வலை கட்ட வேண்டும். இதை வரைபடத்தில் நாம் போடுவோம், கட்டும்போது மேஸ்திரி விட்டுவிடுவார்.

முட்டையிலிருந்து கொசு ஆக ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால்தான் வாரம் ஒருமுறை என்ற கணக்கு. ட்ரம்மைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினால் புழுக்கள் போகும், முட்டைகள் போகா. ஏடிஸ் தண்ணீரின் மேல் முட்டையிடுவதில்லை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் ஒட்டி வைக்கிறது. கரித்தூள் தூவினாற்போல் கருப்பாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். தண்ணீர் வற்றினால் அவை சாவதில்லை. காய்ந்த சுவரிலேயே மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்து, மறுபடி தண்ணீர் ஏறிய அன்று பொரிக்கும். தேங்காய் நாரும் கொஞ்சம் பிளீச்சிங் பவுடரும் போட்டு, ட்ரம்மின் உள் பக்கம் கழுத்துக்குக் கீழே ஒரு சாண் அகலத்துக்குச் சுற்றி வந்து அழுத்தித் தேய்க்க வேண்டும். இரண்டு ட்ரம்முக்குக் கால் மணி நேரம் ஆகிறது.